50 வயது ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே மீட்டெடுக்க முடியுமா? ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் சொல்லும் பாடங்கள்

வார நாட்களில் லேப்டாப், வார இறுதியில் ஸ்பேனர். பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பிரித்து, துரு நீக்கி, மறுபடி ஓட வைக்கும் ஆசை இப்போது பல இளைஞர்களுக்கு இருக்கிறது. யூடியூபில் 20 நிமிடத்தில் ஒரு கார் புதுசாகிவிடுகிறது. நிஜத்தில் அதே வேலை பல வருஷம் இழுக்கும்; பாதியில் நின்றுபோனால் பிரித்துப் போட்ட பாகங்களுக்கு எடைக்கடை விலைதான் கிடைக்கும்.

மெக்கானிக் படிப்பு எதுவும் இல்லாத ஒருவர் இதை செய்ய முடியுமா? எதில் ஜாக்கிரதையா இருக்கணும்? சட்டம் என்ன சொல்கிறது? உலகம் முழுக்க அமெச்சூர் ஆட்கள் அதிகம் கைவைக்கும் கார்களில் ஒன்றான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். இந்தக் காருக்கு சென்னையில் ஒரு சொந்தக்காரரும் உண்டு.

ஏன் ஸ்பிட்ஃபயர்?

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானத்தின் பெயரைத் தாங்கிய இரண்டு சீட் ஓப்பன் கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலொட்டி. பணத் தட்டுப்பாட்டால் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் இந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. 1961-ல் அந்த நிறுவனத்தை லேலண்டு வாங்கியபோது, தொழிற்சாலை மூலையில் தூசித் துணி மூடிக் கிடந்த மாதிரி காரைப் பார்த்து உடனே ஓகே சொன்னார்கள் என்பது கார் ரசிகர்களிடையே பிரபலமான கதை. நம்ம எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் அதே லேலண்டுதான்.

1962-ல் அறிமுகமான ஸ்பிட்ஃபயர், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உள்ள கேன்லி ஆலையில் 1980 வரை தயாரானது. ஐந்து பதிப்புகளில் மொத்தம் 3 லட்சத்துக்கும் அதிகமான கார்கள். முதல் இரண்டு பதிப்புகளில் 1,147 சிசி இன்ஜின், அடுத்த இரண்டில் 1,296 சிசி, கடைசியில் 1,493 சிசி.

அமெச்சூர்களுக்கு இது பிடிக்க மூன்று காரணங்கள். ஒன்று, இதற்குத் தனியாக சேஸிஸ் உண்டு. பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், கழற்றலாம். இரண்டு, பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கமாகக் கவிழ்த்தால் இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் கைக்கு எட்டும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். மூன்று, எண்ணிக்கை அதிகம் என்பதால் பாகங்களைப் புதிதாகத் தயாரித்து விற்கும் கடைகள் பிரிட்டனில் இன்றும் உள்ளன.

சென்னை சொந்தம் என்ன?

ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் முற்றிலும் புதிதல்ல. ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் சேஸிஸை நீளம் குறைத்து மாற்றியதுதான் அது. முன் சஸ்பென்ஷனும் இன்ஜின் குடும்பமும் அங்கிருந்தே வந்தன.

அந்த ஹெரால்டைத்தான் சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் 948 சிசி இன்ஜினோடு தயாரித்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள் சாலையை ஆண்ட காலம் அது. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. பிறகு 1972-ல் 'கெஸல்' வந்தது. ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு இங்கே பலருக்கும் பிடிபடாததால், கெஸலில் வழக்கமான ஒற்றை அச்சுக்கு மாறினார்கள்.

ஆக, இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் கிடைப்பது அபூர்வம். ஆனால் அதன் அண்ணன் எங்காவது ஒரு ஷெட்டில் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. கீழே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

ரிப்பேர், ரெஸ்டோரேஷன், ரெஸ்டோமாட்: என்ன வித்தியாசம்?

ஓடாத காரை ஓட வைப்பது ரிப்பேர். கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது ரெஸ்டோரேஷன். பழைய உடலுக்குள் புது இன்ஜின், புது பிரேக், ஏசி எல்லாம் வைப்பது ரெஸ்டோமாட்.

நான்காவது ஒன்றும் உண்டு: இருப்பதை அப்படியே காப்பாற்றுவது. உலகளாவிய பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2012-ல் கொண்டுவந்த டூரின் சாசனம் இதைத்தான் வலியுறுத்துகிறது. அசல் பாகங்களை முடிந்தவரை வைத்திருங்கள், செய்த மாற்றங்களைப் பதிவு செய்யுங்கள், திருப்பி எடுக்கக்கூடிய வகையில் மாற்றங்களைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். அசல் பெயின்டும் அசல் சீட்டும் ஓரளவு நல்லா இருந்தால், அதைப் பிய்த்து எறிவதற்கு முன் ஒரு வாரம் யோசியுங்கள். புதுசு எப்போது வேணும்னாலும் போடலாம். அசல் ஒருமுறை போனால் போனதுதான்.

இந்தியாவில் இது ரசனை பற்றிய விஷயம் மட்டுமல்ல. எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்து பதிவே கிடைக்காமல் போகலாம். அதைச் சட்டப் பகுதியில் பார்ப்போம்.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

முதலில் பேப்பர், பிறகுதான் கார். ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் காரில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். சொந்தக்காரர் இறந்திருந்தால் வாரிசு ஆவணங்கள் தயாரா என்று கேளுங்கள். இறக்குமதியான கார் என்றால் சுங்க ஆவணம் வேண்டும். 'பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் காரை விட்டுவிடுங்கள். துருவை வெட்டி எடுக்கலாம், இல்லாத ஆர்சியை வெல்டிங் பண்ண முடியாது.

அடுத்து துரு. ஸ்பிட்ஃபயரில் மிக முக்கியமான இடம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் எனப்படும் பகுதி. ஹெரால்டின் சேஸிஸில் பக்கவாட்டுச் சட்டங்கள் இருக்கும். ஸ்பிட்ஃபயரில் அவை இல்லை. அந்தச் சுமையை சில்தான் தாங்குகிறது. கூரையும் இல்லாத கார் என்பதால், சில் துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கதவைச் சாத்தி, அதன் விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகியும் கீழே அகலமாகவும் இருந்தாலோ, கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தாலோ, உடல் தொய்ந்திருக்கலாம். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி சில், மட்கார்டு, கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கு. கார்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்தைப் பிடிக்கும் கம்பிகள் உடலோடு சேரும் இடத்தையும் தட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, இன்ஜினின் ஒரு ரகசியச் சோதனை. நண்பரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் முன்னால் உள்ள புல்லியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னே நகர்ந்தால் ஆபத்து. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள் இந்த இன்ஜின்களின் பலவீனம். சரியான இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்தே வீணாகும். சின்ன வாஷரை நேரத்தில் மாற்றாததற்கு ஒரு முழு இன்ஜினை விலையாகக் கொடுக்க வேண்டி வரும்.

அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு செய்ய முடியுமா?

முழு வேலையும் முடியாது, பாதி வேலை முடியும். பிரித்த காருக்கு ஓடும் காரைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். கிரைண்டர் சத்தம், பெயின்ட் வாசனை, பெட்ரோல் ஆகியவற்றை எந்த அசோசியேஷனும் அனுமதிக்காது; அது நியாயமும்கூட. பெங்களூரு, மும்பை, டெல்லியில் இருப்பவர்கள் நகரத்துக்கு வெளியே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது ஊரில் அப்பா வீட்டில் காரை வைத்துவிட்டு, கார்புரேட்டர், டைனமோ, மீட்டர், வைப்பர் மோட்டார் போன்ற சின்ன பாகங்களை மட்டும் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வேலை பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது மட்டும் செய்தால் வேலை நீளும் என்பதையும் கணக்கில் வெச்சுக்கோங்க.

ஸ்பேனர் வாங்கும்போது ஒரு விஷயம். இந்தக் கார்களில் பெரும்பாலும் அங்குல அளவு யூ.என்.எஃப் போல்ட்டுகள். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள்தான் அதிகம் தேவைப்படும். கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து 'கிட்டத்தட்ட' திருகினால் போல்ட்டின் தலை உருண்டுவிடும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. காருக்கு அடியில் போகும் முன் நான்கு நல்ல ஜாக் ஸ்டாண்டுகள் கட்டாயம். செங்கலும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிரிக்கும்போது என்ன முறை?

பிரிப்பது சுலபம். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். மூன்று வருஷம் கழித்து எது எங்கே போகும் என்று தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம்.

கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளும் தனி ஜிப் கவரில். கவரின் மேல் அழியாத பேனாவில் பெயர். வயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பிரிட்டிஷ் கார்களில் வயரின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு: பழுப்பு என்றால் எப்போதும் கரன்ட் இருக்கும், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியாகச் சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். இதைத் தெரிந்துகொண்டால் வயரிங் பாதி புரிந்த மாதிரி.

இன்னொன்று, ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். 1967-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இது நெகட்டிவுக்கு மாறியது. தெரியாமல் மாற்றி இணைத்தால் ரேடியோ முதல் ஆல்டர்னேட்டர் வரை எது வேணும்னாலும் எரியலாம்.

பழைய பாகத்தை, புதியது வந்து பொருந்தி வேலை செய்யும் வரை தூக்கிப் போடாதீர்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் செய்யும்போது, உடைந்த பழசுதான் மாதிரி.

துருவை எப்படி எடுப்பது?

மேல்துருவுக்கு வயர் பிரஷ், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போதும். சின்ன பாகங்களை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில், பேட்டரி சார்ஜர் இணைத்து மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யலாம். அதில் எதிர்முனைக்குச் சாதாரண இரும்பை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் உருவாகும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யணும்.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு ஒரே வழி, வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதுதான். இங்கேதான் அமெச்சூர்கள் பலர் காரையே இழக்கிறார்கள். பாடியை சேஸிஸிலிருந்து தூக்கி வைத்துவிட்டு இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினால், உடல் முறுக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை பேர் சேர்ந்து அழுத்தினாலும் கதவு சாத்தாது. சரியான முறை: பாடி சேஸிஸில் போல்ட் போட்டபடியே இருக்க வேண்டும். கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்ய வேண்டும். ஒரு பக்கம் முழுசா முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். நடுநடுவே கதவை மாட்டி இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் டிங்கர் பட்டறைகளில் கேஸ் வெல்டிங் வழக்கம். மெல்லிய தகட்டில் அது சூட்டைப் பரப்பி நெளிய வைக்கும். ஆர்க் வெல்டிங் ஓட்டையே போட்டுவிடும். மிக் வெல்டிங்கில், ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி தள்ளி என்று ஆற விட்டுச் செய்வது நல்லது. முன் அனுபவம் இல்லையென்றால் பழைய தகட்டில் ஒரு மாசம் பழகுங்கள். காரின் உறுதியைத் தாங்கும் இடங்களை அனுபவசாலியிடம் விடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். ஸ்பிட்ஃபயரில் அது சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள் இருக்கும். 'காலி டேங்க்தானே' என்பது தவறான நம்பிக்கை. நிறைந்த டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்கே அதிகமாக வெடிக்கும்.

இன்ஜினில் எதை நாமே செய்யலாம்?

பல வருஷம் நின்ற இன்ஜினை இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, சில நாட்கள் ஊற விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஆயில் மாற்றி, கம்ப்ரஷன் பார்க்கலாம். சுற்றவில்லை என்றால் பிரிக்க வேண்டியதுதான்.

நான்கு சிலிண்டர், பக்கவாட்டில் கேம், மேலே புஷ்ராடு. இந்த இன்ஜின் புரிந்துகொள்ள எளிது. பிரிப்பதும் பொருத்துவதும் நீங்கள் செய்யலாம். சிலிண்டர் ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டைச் சமன் செய்வது எல்லாம் லேத் பட்டறை வேலை. பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களில் உள்ள இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களை சமையலறை மேசையிலேயே சுத்தம் செய்து கற்றுக்கொள்ளலாம்.

பெட்ரோல் விஷயம் முக்கியம். இந்தியா 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது. பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுகள் ஈயத்தின் பாதுகாப்பை நம்பி வடிவமைக்கப்பட்டவை. எப்படியும் ஹெட்டைக் கழற்றினால், கடினமான வால்வு சீட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. இப்போதைய இ20 பெட்ரோலில் 20% எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் கெடுக்கும். ஈரத்தை இழுத்து டேங்க்கில் துருவைக் கூட்டும். எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இல்லைன்னா சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். தீயணைப்பான் ஒன்று ஷெட்டிலும், ஒன்று காரிலும் இருக்கட்டும்.

பிரேக், சஸ்பென்ஷன்: இங்கே சமரசம் கிடையாது

இன்ஜின் நின்றால் கார்தான் நிற்கும். பிரேக் போனால் உயிர் போகும். ரப்பர் சீல், ஹோஸ், துருப்பிடித்த பிரேக் பைப் எல்லாம் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியவை. தொடக்ககால மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்புதான். ஓர் இடத்தில் கசிந்தால் மொத்தமும் போகும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, கவரில் கட்டி அகற்றுங்கள்.

முன்சக்கரத்தில் ட்ரனியன் என்ற வெண்கலப் பாகம் ஒன்று உண்டு. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தின் செங்குத்துக் கம்பி இதற்குள் திருகு மாதிரி சுழலும். இதற்கு கியர் பாக்ஸுக்குப் போடும் 90 கிரேடு ஆயில்தான் போட வேண்டும். பல பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே சரியாகப் பரவாது. தண்ணீர் புகுந்து, கம்பி துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நம்ம ஹெரால்டிலும் இதே அமைப்புதான்.

1970-ல் வந்த நான்காம் பதிப்புக்கு முந்தைய ஸ்பிட்ஃபயர்களில், வேகமான வளைவில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும் குணம் உண்டு. ஓட்டும்போது நினைவில் வையுங்கள். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பத்து வருஷம் தாண்டியதென்றால், பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள்.

பெயின்ட்டை வீட்டில் அடிக்கலாமா?

பிரைமர் வரை அடிக்கலாம். இன்றைய இரண்டு கலவை பெயின்ட்டுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நிரந்தர ஆஸ்துமாவை வரவழைக்கும். சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடியும் பூத்தும் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். தேய்ப்பது, பட்டி பார்ப்பது, சமன் செய்வது நீங்கள் செய்தால் கூலியில் நல்ல பகுதி மிச்சமாகும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது.

எவ்வளவு செலவாகும், எவ்வளவு நாள் ஆகும்?

ஒரே தொகையைச் சொல்வது ஏமாற்று வேலை. காரின் நிலையைப் பொறுத்து பல மடங்கு மாறும். ஆனால் பணம் எங்கே போகும் என்று சொல்லலாம். புதியவர்கள் இன்ஜினுக்குத்தான் அதிகம் ஆகும் என்று நினைப்பார்கள். பல நேரங்களில் பாடி வேலை, பெயின்ட், குரோம் பிளேட்டிங், குஷன் வேலை இவை நான்கும் சேர்ந்து இன்ஜினைத் தாண்டிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பாகத்துக்கு விலையோடு கூரியரும் சுங்க வரியும் சேரும். ஆகவே சின்ன சின்ன பார்சலாக இல்லாமல், பட்டியல் போட்டு மொத்தமாக வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு, டெல்லி கரோல் பாக் மாதிரியான இடங்களில் அளவு சொல்லித் தேடினால் பேரிங், ஆயில் சீல், ஹோஸ் ஆகியவை உள்ளூரிலேயே கிடைக்கலாம்.

நேரத்துக்கு ஒரு கணக்கு. வாரத்துக்கு 6 மணி நேரம் ஒதுக்கினால் வருஷத்துக்கு சுமார் 300 மணி நேரம். உங்கள் கார் 1,000 மணி நேரம் கேட்டால் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வேலை மாறலாம், ஊர் மாறலாம், கல்யாணம் ஆகலாம், குழந்தை பிறக்கலாம். அமெச்சூர் திட்டங்களை நிறுத்துவது அறியாமையைவிட இந்த மாதிரி காரணங்கள்தான்.

பொதுவான விதி: சுமாரான காரை வாங்கிச் சரிசெய்வதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல காரைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது கடைசியில் மலிவு. லாபம் பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால், பெரும்பாலான கார்களில் போட்ட காசு திரும்பாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில், மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

• 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும்.

• சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

• பரிவாகன் தளத்தில் படிவம் 20 மூலம் விண்ணப்பிக்கலாம். இன்சூரன்ஸ், ஏற்கெனவே பதிவான வாகனமென்றால் பழைய ஆர்சி, இறக்குமதி என்றால் சுங்க நுழைவு ஆவணம் தேவை.

• புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

• நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும்.

• கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ராலி, அவற்றுக்குப் போய் வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினசரி ஆபீசுக்கும் வணிகத்துக்கும் கூடாது.

இதில் உள்ள சிக்கலைக் கவனியுங்கள். ஹெரால்டுக்குள் மாருதி இன்ஜின் வைப்பது இங்கே சகஜம். ஓட்ட வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்த கார், விண்டேஜ் வரையறைக்கு வெளியே போகும் அபாயம் உண்டு. ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரும் பொருந்தாது. எனவே இன்ஜினையோ பாடியையோ மாற்றும் முடிவை எடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். துருப்பிடித்த தகட்டை அதே வடிவில் மாற்றும்போதும் போட்டோ, பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். பிற்பாடு கேள்வி வந்தால் அந்தக் கோப்புதான் பேசும்.

பழைய பெட்ரோல் வாகனங்களுக்கு டெல்லி போன்ற நகரங்களில் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதால், எந்த மாநிலத்தில் பதிவு, எங்கே வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

உதவிக்கு யார் இருக்கிறார்கள்?

தனியாகச் செய்தால் சலிப்பு வரும். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், டெல்லியின் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் ஆஃப் இந்தியா, மும்பையின் விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆகியவற்றில் இதே கார்களோடு மல்லுக்கட்டியவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு இரண்டுக்கும் சேர்த்து ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இயங்குகிறது. தொழிற்சாலை வெளியிட்ட வொர்க்ஷாப் மேனுவலின் மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. முதல் ஸ்பேனருக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்தப் புத்தகம்தான்.

இன்னும் முக்கியமானவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். ஹெரால்டையும் ஃபியட்டையும் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகள், டிங்கர்கள், குஷன் கடைக்காரர்கள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே ட்யூன் செய்யும் அந்தக் கைப்பழக்கம் எந்த மேனுவலிலும் முழுசா இல்லை. வேலையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.

பாதியில் நிற்காமல் இருக்க என்ன வழி?

முழுக் காரையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். ஒரு பகுதியை எடுத்து, முடித்து, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடிந்தவரை கார் நான்கு சக்கரத்தில் உருளும் நிலையிலேயே இருக்கட்டும். வீடு மாற வேண்டி வந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். விற்க வேண்டி வந்தாலும் அதற்கு விலை உண்டு. வருஷத்துக்கு இவ்வளவு என்று பட்ஜெட் போடுங்கள். எவ்வளவு வேலை இழுக்கும் என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் வார இறுதிக்கு ஒரு யோசனை: ஸ்பேனரைத் தொடாமல், ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். கண்ணில் படும் எல்லாக் குறைகளையும் எழுதுங்கள். அதை 'பாதுகாப்பு', 'ஓட்டம்', 'அழகு' என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் பட்டியல் முடியும் வரை மூன்றாவது பட்டியலுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பளபளக்கும் பெயின்ட்டோடு பிரேக் பிடிக்காத காரைவிட, வெளுத்த பெயின்ட்டோடு சரியாக நிற்கும் கார் எவ்வளவோ மேல்.